ஏழு ஊக்குகள்

நள்ளிரவோடு சாப்பாடு முடிந்தது.
அதற்குப் பிறகு வெறும் தண்ணீர், அதுவும் கொஞ்சம் என்று
தாதி தாளில் கோடு போட்டுத் தந்திருந்தாள்.
நாலு மணிக்கு வழக்கம்போல் கை விழித்துக்கொண்டது.
பிசைய மாவில்லாமல்
மடியில் கிடந்து
சேலைத் தலைப்பைப் பிசைந்தது.

ஜெலுத்தோங் கடைக்கதவில் நேற்றே அட்டை தொங்கவிட்டேன்:
சாக்கடை வேலை. ஒருநாள் விடுமுறை.
சாக்கடைக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது.
எனக்குத்தான் விலாவுக்குக் கீழே
மூன்று மாதமாக ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது.
ரொட்டி வீசும்போது மட்டும்
எழுந்து நின்று பார்க்கும்.
மகன் போன் போட்டான். அவனுக்கும் அதே சாக்கடைதான்.

சர்க்கரை மாத்திரை இன்று வேண்டாம்,
நாளையும் மறுநாளும் வேண்டாம்.
பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு மிடறு தண்ணீரில்.
போன வாரமே ரத்தம் எடுத்து
சிறுநீரகத்துக்கு மார்க் போட்டுவிட்டார்கள்.
பாஸ் என்றார் டாக்டர்.
கணக்கில் நான் ஒருநாளும் வாங்காத பாஸ்.

பாரத்தை நிரப்பச் சொன்னார்கள்.
மருந்து எதுவும் ஒவ்வாதா? இல்லை.
ஆஸ்துமா? இல்லை.
கர்ப்பமா?
ஐம்பத்து மூன்று வயதில், வெறும் வயிற்றில்
சிரிப்பு வந்து பேனா வழுக்கியது.
இதே ஆஸ்பத்திரியில் கடைசியாக இதைக் கேட்டபோது
ஆம் போட்டேன்.
அந்த ஆம் இப்போது
ஜொகூரில் கிரேன் ஓட்டுகிறது.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பினால்
மூலை நாற்காலியில் கூ அங்கிள்.
ஜாடியில் மருந்துத் தண்ணீர், கையில் பிளாஸ்டிக் குவளை,
முகத்தில் வேப்பெண்ணெய் குடித்த கோணல்.
பத்து வருடமாகக் காலை ஆறரை,
ரெண்டு ரொட்டி, குழம்பு தனியாக.
நேற்று சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்:
நாளைக்கு வரமாட்டேன், ஈப்போ போறேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் ஜாடியைப் பார்த்தேன்.
ஈப்போ எப்படி இருக்கிறது, மலாயில் கேட்டேன்.
கூட்டம், என்றார்.
உன் சாக்கடை?
அடைப்புதான் போல. இன்றைக்குத் தெரியும்.
அதற்குமேல் பேசவில்லை. அவர் குடித்தார்,
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடையில் அவர் என்னைப் பார்ப்பதுபோல.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
தவமலர், உலோகம் எல்லாவற்றையும் கழற்று.
வளையல் இரண்டு, சங்கிலி, இடுப்புச் சாவிக்கொத்து,
சங்கிலியில் கோத்த ஊக்குகள் ஏழு.
எப்போது எது அறுந்துபோகுமோ என்று
முப்பது வருடமாகக் கூடவே வரும் ஏழு பேர்.
கைக்குட்டையில் முடிந்து
கூ அங்கிள் மடியில் வைத்தேன்.
கனம் பார்த்துவிட்டு, கடையை விற்றாச்சா என்றார்.

உள்ளே குளிர்.
பசித்த கண்ணுக்கு அந்த இயந்திரம்
நிமிர்த்தி வைத்த உளுந்துவடை.
ஓட்டைக்குள் நான் போனேன், வந்தேன்.
தாரிக் நாஃபாஸ் என்றது கூரைக் குரல். மூச்சை இழுத்தேன்.
தாஹான். பிடித்தேன்.
ரொட்டி ஒன்றுக்கு எட்டு வீச்சு;
எட்டு வீசும்வரை பிடித்தேன். குரல் விட்டபோது
இன்னொரு ரொட்டிக்கு மிச்சமிருந்தது.

பிறகு ஊசி வழியே சாயம்.
தொண்டையில் வெந்நீர், அப்புறம் அடிவயிற்றில்,
அப்புறம், ஐயோ.
முன்பே சொல்லியிருந்தார்கள், அப்படித் தோன்றும்,
ஆனால் நனைந்திருக்காது என்று.
சொல்லியிருந்தும் எழுந்தவுடன்
மெத்தையைத் தடவிப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.

அரைமணி உட்கார வைத்து ஊசியை எடுத்தார்கள்.
தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். குடித்தேன்.
முடிவு வியாழக்கிழமை.
மூலை நாற்காலி காலி.
என் மூட்டையைத் தாதி கொடுத்தாள், அவர் தரச் சொன்னாராம்.
வளையல் சரி, சாவி சரி.
ஊக்கு ஆறு.

மறுபடி எண்ணினேன். ஆறு.
மூடிய கதவுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்:
அங்கிள்! பெசி! இரும்பு இருக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா!
அங்கியின் முதுகு நாடா
அறுந்திருக்க வேண்டும், பாவம்.

நல்ல பசி. எதிரே கேண்டீன்.
போகவில்லை.
ஏழாவது வரட்டும் என்று
அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.